பதினான்காவது விதி

கெமிஸ்ட்ரி டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து, படிவத்தின் ஒன்பதாவது வரியின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அடிப்பதற்குக்கூட ஸ்கேல் வைக்கிற மனுஷியை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். கோடு முடிந்ததும் டீச்சர் பென்சில் தூளை ஊதிவிட்டு, "ஒன்பது நிக்காது" என்றார்.

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். புருஷன் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி இன்னும் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. இந்தப் பதினோரு நாளும் வந்தவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். படிவத்தோடு வந்தவர் இந்த டீச்சர் ஒருவர்தான்.

"நிக்காதுன்னா?"

"சாட்சி ரெண்டு பேர் வேணும். இதுக்கு ஒருத்தர்தான் போட்டிருக்கு. அதுவும் நீங்க. இணையர் சாட்சி செல்லாது, பதினாலாவது விதி."

"வீட்டுக்குள்ள நடந்தது டீச்சர். வீட்டுல நாங்க ரெண்டே பேர். அதுல ஒருத்தர் போயாச்சு. வேற யாரைக் கூட்டிட்டு வரது, பாத்ரூம் சுவத்தையா?"

"சுவர்ல ஏதாவது எழுதியிருந்தா ஆவணமா எடுத்துக்கலாம்" என்றார் டீச்சர். கிண்டல் செய்கிறாரா என்று அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லை, டீச்சருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"அந்த விதியைக் கொண்டுவந்த புண்ணியவான் யாரு?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்டுக்காரர்தான். பதினஞ்சு வருஷம் ஆச்சு." பிறகு, உண்மையை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்கிற அவருடைய வழக்கப்படி, "அன்னிக்கு ஓட்டெடுப்புல நீங்களும் கை தூக்கியிருக்கீங்க. பதிவுல இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக உட்கார்ந்து வைத்துக்கொண்டது இவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும். அன்று எதற்குக் கை தூக்கினோம் என்றுகூட அவளுக்கு ஞாபகமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் தூக்கினால் தானும் தூக்கி, எல்லாரும் இறக்கினால் தானும் இறக்குவதுதான் அவளுடைய இருபத்தெட்டு வருஷத்துச் சபை வாழ்க்கை.

சபை என்றால் சபைதான், அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. பெயரில் இதுவரை ஒருமித்த முடிவு வரவில்லை. நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது: ஒரு பேக்கரிக்காரர், ஒரு கண் டாக்டர், ஒரு நூலகர், அப்புறம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த இவள் புருஷன். கடவுள் இல்லாமல் மனிதனால் இருந்துவிட முடியும், ஆனால் சடங்கு இல்லாமல் இருக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. பிறந்தால் நாலு பேர் கூடி ஒன்று சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும், செத்தால் ஒன்று சொல்ல வேண்டும். சொல்கிற அந்த ஒன்று பொய்யாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவிங் ஸ்கூல் மாடியில் கூடுவார்கள். வாசிப்பவர் எழுந்து "இதுவரை தெரிந்தது இது" என்பார். எல்லாரும் "திருத்தத்துக்கு உட்பட்டது" என்பார்கள். சபையில் எதையும் பென்சிலில்தான் எழுதுவார்கள். வருஷத்துக்கு ஒருநாள் எல்லா விதியையும் எடுத்து வைத்துக்கொண்டு அழிப்பார்கள், மாற்றுவார்கள், மறுபடி எழுதுவார்கள். கல்யாண உறுதிமொழியில் முதலில் "என்றென்றும்" என்று இருந்தது. போதிய ஆதாரம் இல்லை என்று மூன்றாம் வருஷம் எடுத்துவிட்டார்கள். இப்போது "இன்றைய நிலவரப்படி" என்று இருக்கிறது. கேட்டுவிட்டுச் சிரித்த மாப்பிள்ளைகள் உண்டு, அழுத மாமியார்கள் உண்டு.

பேனாவால் எழுதுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். செத்தவரைப் பற்றிய நினைவு வாசிப்பு. அவரால் இனித் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது அல்லவா, அதனால் மை. மை என்பதால் சரிபார்ப்பு, அதைச் செய்பவர் கெமிஸ்ட்ரி டீச்சர். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு சாட்சி. நல்லதும் வரும், கெட்டதும் வரும். சாட்சி இருந்தால் வரும். "நல்லவர், வல்லவர், நாலும் தெரிந்தவர்" என்று ஊரில் செத்த எல்லாருக்கும் ஒரே சட்டையைப் போட்டு அனுப்புகிறார்களே, அது அந்த மனுஷனுக்குச் செய்கிற அவமரியாதை என்று அவள் புருஷன் சொல்லுவார். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது அந்தச் சட்டை கிடைத்தாலாவது தேவலை என்று இருந்தது.

ஏனென்றால் படிவத்தில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. இருநூற்றுப் பதினாலு கட்டிடங்களில் லிஃப்ட் பராமரித்தார், நின்றது. நாற்பத்தொரு தடவை ரத்தம் கொடுத்தார். நின்றது, சர்ட்டிஃபிகேட் இருக்கிறது. அவள் ஆசையாக எழுதிக் கொடுத்த "கோபப்பட மாட்டார்" விழுந்தது. ஸ்பேனரை வீசியதைப் பார்த்தவர்கள் மூன்று பேர் கிடைத்திருந்தார்கள். அது போகட்டும். ஏழாவது வரியில்தான் அவள் விரலை வைத்தாள். டீச்சர் அவருடைய பழைய கம்பெனிக்குப் போய் விசாரித்து எழுதி வந்த வரி அது.

"இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், ஐந்து மாத காலம், தினமும் மத்தியானம் வேலையிடத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை மணி நேரம் போய்விடுவார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். சாட்சி: சூப்பர்வைசர், ஸ்டோர்கீப்பர்."

"இது நிக்குமாக்கும்?"

"ரெண்டு சாட்சி இருக்கே."

"டீச்சர், ஏழுக்குப் பதில்தான் ஒன்பது! அந்த ஒன்றரை மணி நேரம் அவர் வந்தது இங்கதான். ஏழாவதை வச்சுக்கிட்டு ஒன்பதாவதை அடிச்சா ஊர் என்ன நெனைக்கும்?"

"ஊகத்துக்குச் சபை பொறுப்பில்ல" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, தனக்கே பிடிக்காததைச் சொன்னவர் போல ஸ்கேலைப் பையில் வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "எனக்கும் அவரைப் பிடிக்கும்மா. விதியை அவருக்காக வளைச்சா அவரே என்னை மன்னிக்க மாட்டார். ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. வேற சாட்சி இருந்தாக் கொண்டுவாங்க."

டீச்சர் போனதும் அவள் ஃபிரிட்ஜ் மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள். "ஏங்க, உலகத்துல எவ்வளவோ பேர் செத்துப்போறாங்க. பெண்டாட்டிய இப்படி ஓட ஓட விரட்டிட்டு யாராவது போறாங்களா?"

ஒன்பதாவது வரி இதுதான்: "எனக்கு உடம்பு சரியில்லாத ஐந்து மாதம் தினமும் மத்தியானம் வந்து என் தலையை அலசிவிட்டார்."

உடம்பு சரியில்லாத என்று எழுதியிருந்தாள். முதுகு வலி என்று அப்போது எல்லாரிடமும் சொன்னார்கள். குழந்தை செத்துப் பிறந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. முதுகில் ஒன்றுமில்லை. காலையில் கண்ணைத் திறப்பாள், கூரையைப் பார்ப்பாள், எழுந்து என்ன ஆகப்போகிறது என்று இருக்கும், மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். பல் தேய்க்கவில்லை, தலை வாரவில்லை. மூன்று வாரத்தில் முடி சிக்குப் பிடித்துக் கயிறாகிவிட்டது. அவர் எழுந்திரு என்று சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் வேலைச் சீருடையோடு வந்து, நாற்காலியை பாத்ரூமுக்குத் தூக்கிப் போய், வாஷ்பேசினுக்கு முதுகு காட்டி வைத்து, விளிம்பில் டவலை மடித்துப் போட்டு, அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். முழங்கையில் தண்ணீரைத் தொட்டுச் சூடு பார்த்தார். கிரீஸ் போகாத நகங்கள். லிஃப்ட்டைச் சர்வீஸ் செய்கிற மாதிரியே வரிசை மாறாமல் செய்தார்: முதலில் சிக்கு, அப்புறம் ஷாம்பு, அப்புறம் அலசல், அப்புறம் காது மடலுக்குப் பின்னால் துடைப்பது. மறுநாளும் வந்தார். ஐந்து மாதம் ஞாயிறு உட்பட ஒருநாள் தவறவில்லை.

அலசும்போது வாய் ஓயாது. எல்லாம் லிஃப்ட் கதைதான். ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் மூன்றாவது மாடிக் கதவு சாத்தவில்லை, ஹோட்டல் லிஃப்ட்டில் ஒரு கல்யாண கோஷ்டி பதினாறு பேர் ஏறினார்கள், ஒரு வக்கீல் நடுவில் மாட்டிக்கொண்டு உள்ளே இருந்தபடியே வழக்குப் போடுவேன் என்று கத்தினார். அவள் பதில் சொல்ல மாட்டாள். அவரும் எதிர்பார்க்க மாட்டார். எத்தனையாவது மாதமோ, அவள் முதன்முதலாக, "அவங்க உள்ள இருக்கும்போது கயிறு அறுந்துட்டா?" என்று கேட்டாள். அவர் கை ஒரு நிமிஷம் நின்றது. "லிஃப்ட் நடுவுல நின்னா கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறாங்க. பிரேக் நல்லா புடிச்சிருக்குன்னு அர்த்தம். மேல வராட்டியும் கீழ விழாது" என்றார். பிறகு அலச ஆரம்பித்தார். அவ்வளவுதான் அவர் சொன்ன ஆறுதல். அதுவும் ஆறுதல் என்று தெரிந்து சொன்னாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் தங்கச்சி வந்தாள். ஏழாவது வரியைப் படித்தாள், ஒன்பதாவது வரியைப் படித்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"முதுகு வலிதானே அப்ப?"

"ஆமா."

"முதுகு வலிக்கு எதுக்கு தலை அலசணும்?"

அவள் எழுந்து போய்க் கப்பைக் கழுவினாள். தங்கச்சிக்குக் கோபம் வந்தது. எதற்குக் கோபம் என்று புரியாததால் அதைச் சபையின் மேல் திருப்பிவிட்டாள். "இதெல்லாம் ஒரு மதமாக்கா? செத்த வீட்டுல வந்து பரீட்சைத் தாள் திருத்துறாங்க. விட்டுத்தள்ளு. நாம வீட்டுல ஒரு ஃபோட்டோ வச்சு, நாலு பேருக்குச் சாப்பாடு போட்டு முடிச்சிருவோம்."

"அவருக்குப் புடிக்காது."

"மாமாதான் இல்லையேக்கா!"

அவளுக்கு மட்டும் இந்தச் சபை இனிக்கிறதா என்ன? இருபத்தெட்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அந்த மனுஷன் இரவு பகலாக உழைத்துக் கட்டிய ஒரே வீடு அது. அதன் வாசலில், ரெண்டு சாட்சியோடு, மையில், "மத்தியானம் காணாமல் போவார்" என்று எழுதி மாட்டப் போகிறார்கள். அதை விட்டுத்தள்ள அவளால் முடியாது.

மறுநாள் தான் வேலை பார்க்கிற திரைச்சீலைக் கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டாள். ஓய்வு பெற்றுவிட்ட மனுஷன், குரலில் அனுதாபம் வழிந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஆம்பளைன்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். நாங்க அப்பவே கண்டுக்காத மாதிரி இருந்துட்டோம். கையில ஷாம்பு வாசனை அடிக்கும், வேற என்னன்னு நெனைக்கறது?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அது நான்தான்யா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஃபோனை வைத்துவிட்டாள். அப்போது அவளைப் பார்த்த டாக்டர் செத்துப்போய்விட்டார். மருந்துக்கடை இருந்த இடத்தில் செருப்புக்கடை வந்துவிட்டது.

வேறு காகிதம் ஏதாவது இருக்குமா என்று அவருடைய அலமாரியைக் குடைந்தாள். எந்தக் காகிதத்தையும் தூக்கிப்போடாத மனுஷன். கரண்ட் பில், லிஃப்ட் கயிறு வாங்கிய ரசீது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிளிப்பில் நாலு கடிதங்கள். கீழ்வீட்டு எக்ஸ்சேஞ்ச் அம்மா எழுதியவை. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்ததால் அந்தப் பெயர். பாம்புச் செவி. இவர்கள் வீட்டில் ஸ்பூன் விழுந்தால் அங்கே எண்ணிச் சொல்லுவார். "தினமும் மத்தியானம் ஒன்றே கால் மணி முதல் உங்கள் குளியலறையிலிருந்து நாற்பது நிமிடம் தண்ணீர் ஓடும் சத்தமும், ஓர் ஆண் குரல் இடைவிடாது பேசும் சத்தமும் வருகின்றன. நான் இரவு வேலை முடித்துத் தூங்கும் நேரம் இது." தேதி, கையெழுத்து. நாலு கடிதத்திலும் அதே புகார், காரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அவள் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினாள். எதிரி எழுதிய புகாரை இவ்வளவு ஆசையாக யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். கதவைத் திறந்த எக்ஸ்சேஞ்ச் அம்மா உள்ளே வா என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் தலையசைப்போடு சரி. கடிதத்தை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இதுக்கு இப்ப வந்து சண்டை போடறியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். சபை, சாட்சி, ஏழு, ஒன்பது. எக்ஸ்சேஞ்ச் அம்மா முழுதாகக் கேட்டுக்கொண்டார். லைனில் இருக்கிறவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பழகியவர்.

"அந்தக் கூட்டத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன். சாமி கும்பிடறவ நான். முட்டியும் ஆகாது, மாடி வேற."

"சரிங்கம்மா. கடிதத்தை மட்டும் கொடுத்துப் பாக்கறேன்."

அவள் திரும்பிப் படியில் கால் வைத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. "நாலோட நிறுத்திட்டேன், கவனிச்சியா?"

அவள் நின்றாள்.

"அஞ்சாவது எழுதிக் கவர்ல போட்டு ஒட்டியாச்சு. அன்னிக்கு மத்தியானம் நீ அழுதே. அதுவரைக்கும் மேல பொம்பளைக் குரலே கேட்டதில்ல. முதுகு வலிக்காரங்க அப்படி அழமாட்டாங்க." கதவு சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவிங் ஸ்கூல் மாடி நிரம்பியிருந்தது. சுவரெல்லாம் போக்குவரத்துச் சின்னங்கள்: வலது பக்கம் திரும்பாதே, ஹாரன் அடிக்காதே, முன்னால் வளைவு. மேசை மேல் ஒரு ஜக் தண்ணீர், ஒரு அளவுக் குவளை, காலியான ஒரு கண்ணாடிச் சாடி. நின்ற ஒவ்வொரு வரிக்கும் ஒரு குவளைத் தண்ணீர் சாடியில் விழும். கடைசியில் சாடியை வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் வந்ததுமே டீச்சரிடம் கடிதங்களை நீட்டினாள். டீச்சர் நாலையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஆண் குரல்னு இருக்கு. யார் குரல்னு இல்லை. தண்ணி ஓடிச்சுன்னு இருக்கு. தலைன்னு இல்லை."

"குளிக்கற இடத்துல நாப்பது நிமிஷம் அவர் தண்ணிக்குக் கதை சொல்லிட்டு இருந்தாருன்னு எழுதிக்கலாமா?"

"கோவிச்சுக்காதீங்க" என்றார் டீச்சர். "எழுதினவங்க நேர்ல வந்தா ஒரு சாட்சி. அப்பவும் ரெண்டாவது வேணும்."

பேக்கரிக்காரர் அவளைப் படிக்கட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். அன்றைக்கு வாசிப்பவர் அவர்தான். ஆரம்பித்த நாலு பேரில் மிச்சம் இருப்பது அவர் ஒருவரே. ரொட்டி மாவு மாதிரி மெத்தென்ற மனுஷன், கண் ஏற்கெனவே சிவந்திருந்தது. பழைய பதிவு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"தங்கச்சி, அந்த விதியை அவன் ஏன் கொண்டுவந்தான்னு உனக்குத் தெரியுமா?"

"என் கழுத்தை அறுக்கத்தான் அண்ணா. வேற எதுக்கு?"

"மரக்கடைக்காரர் நினைவு வாசிப்பு ஞாபகம் இருக்கா? 'மனைவியிடம் அன்பாக இருந்தார்'னு ஒரு வரி. மகன் ஒருத்தன் கை தூக்கிட்டான். ரெண்டாவது கை வேணும். எல்லாரும் அந்த அம்மாவைத் திரும்பிப் பாத்தோம். அந்த அம்மா தூக்கினாங்க. தூக்கின கையில ரெண்டு விரல் நிமிரவே இல்ல. அவர் ஒடிச்சது, ரொம்ப வருஷம் முன்னாடி. நாங்க யாரும் கவனிக்கல. பதிவாகட்டும்னு சொல்லித் தண்ணி ஊத்திட்டோம். உன் புருஷன் ஒருத்தன்தான் அந்த விரலைப் பாத்திருக்கான்."

நோட்டைப் பிரித்துக் காட்டினார். பென்சில் எழுத்து, மங்கியிருந்தது, ஆனால் புருஷன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா. "இணையர் சாட்சி ஏற்கப்படாது, கேட்கப்படவும் கூடாது. காரணம்: மறுக்க முடியாத கை தூக்கினால் அது சாட்சி ஆகாது."

அவள் இரண்டு முறை படித்தாள். இத்தனை வருஷம் கூடப் படுத்துத் தூங்கிய மனுஷன், வீட்டுக்கு வந்து இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் மூன்று நாளாக வந்த கோபம் அல்ல இது.

வாசிப்பு ஆரம்பித்தது. பேக்கரிக்காரர் ஒவ்வொரு வரியாகப் படித்து "கண்டவர் யார்?" என்று கேட்க, இரண்டு கைகள் உயர, எல்லாரும் "பதிவாகட்டும்" என்று சொல்ல, டீச்சர் மைப்பேனாவால் எழுத, ஒரு குவளைத் தண்ணீர் சாடியில் விழுந்தது. கட்டிடங்கள், ரத்தம், ஸ்பேனர். ஸ்பேனருக்குக் கொஞ்சம் சிரித்தார்கள். ஏழாவது வரியைப் படிக்கும்போது பேக்கரிக்காரர் குரல் இறங்கியது. சூப்பர்வைசர் கையும் ஸ்டோர்கீப்பர் கையும் வருத்தத்தோடு உயர்ந்தன. "பதிவாகட்டும்" என்பது இந்தத் தடவை முணுமுணுப்பாக வந்தது. முன்வரிசையில் ரெண்டு பேர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஹாரன் அடிக்காதே படத்தைப் பார்த்தார்கள். பாவம், அவளுக்கு இது தெரியுமோ தெரியாதோ என்கிற பார்வை. தங்கச்சி அவள் கையைப் பிடித்தாள். தண்ணீர் விழுந்தது. எட்டு படித்தார்கள். எட்டுக்கு அடுத்து பத்து.

"அண்ணா, ஒன்பது" என்று அவள் எழுந்து நின்றாள்.

கடைசி வரிசையிலிருந்து இருபத்தெட்டு வருஷத்தில் வந்த முதல் குரல் அது. எல்லாரும் திரும்பினார்கள். டீச்சர் பேனாவை மூடப் போனவர் மூடவில்லை. பேக்கரிக்காரர் டீச்சரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு படிவத்தில் கோடு போட்டிருந்த வரியை அப்படியே படித்துவிட்டார். "எனக்கு உடம்பு சரியில்லாத ஐந்து மாதம் தினமும் மத்தியானம் வந்து என் தலையை அலசிவிட்டார். கண்டவர் யார்?"

ஒரு கையும் உயரவில்லை. அப்புறம் வாசல் பக்கத்தில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் அம்மா கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக ஏறினாரோ. கம்பியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்.

"நான் காணல. கேட்டேன்" என்றார்.

"காதும் புலன்தானே டீச்சர்" என்றார் பேக்கரிக்காரர் அவசரமாக.

"என்ன கேட்டீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"தண்ணி. இவ வீட்டுக்காரர் குரல். எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவ நான், ஒரு தடவை கேட்ட குரலை மறக்கமாட்டேன். 'கண்ணை மூடிக்கோ, நுரை போகுது'ன்னு தினம் சொல்லுவார். அப்புறம் ஒரே லிஃப்ட் கதை. ஒருநாள் இவ ஏதோ கேட்டா, அவர் சொன்னார்: நடுவுல நின்னா பிரேக் நல்லா புடிச்சிருக்குன்னு அர்த்தம், மேல வராட்டியும் கீழ விழாது. அன்னிக்குத்தான் இவ அழுதா." எக்ஸ்சேஞ்ச் அம்மா மூச்சை இழுத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரர் போனப்போ அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். போதுமா? கையை இறக்கலாமா?"

"இறக்காதீங்க" என்றார் டீச்சர். பேனா நுனி நோட்டை நெருங்கியது. ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். "இது ஒண்ணு. ரெண்டாவது?"

அவள் தங்கச்சியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"முதுகு வலின்னு எல்லாருக்கும் சொன்னோம். முதுகுல ஒண்ணும் இல்ல. குழந்தை போனதுக்கப்புறம் அஞ்சு மாசம் நான் எழுந்திருக்கல. எழுந்திருக்கவே வேணாம்னு இருந்தேன்." தங்கச்சியின் முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாள். "மத்தியானம் அவர் காணாமப் போனது அதுக்குத்தான். சூப்பர்வைசர் சார், அந்த ஷாம்பு என்னோடது."

பிறகு டீச்சரிடம் திரும்பினாள். "பெண்டாட்டிகிட்ட கேக்கக் கூடாதுன்னு எழுதினாரு. ஏன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க யாரும் கேக்கல டீச்சர். வேணாம்னு சொல்லிப் பாத்தீங்க, கோடு போட்டு அடிச்சுக்கூடப் பாத்தீங்க. இது நானாத் தூக்கற கை."

தூக்கினாள். ஜன்னல்களுக்கு அளவெடுத்து அளவெடுத்து உயரத்துக்குப் பழகிய கை, நன்றாக மேலே போனது. ஐந்து விரலும் நிமிர்ந்திருந்தன.

பேக்கரிக்காரர் ஜக்கிலிருந்து குவளையை நிரப்பிச் சாடியின் வாய்க்கு மேலே கொண்டுவந்துவிட்டார். கொண்டுவந்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மூடி திறந்த பேனாவோடு பதிவு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் மொத்தமும் வாயைத் திறக்கத் தயாராக, ஆனால் திறக்காமல், டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு கை, கடைசி வரிசையில் ஒரு கை. எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் கை தாழத் தொடங்கியது. அவர் அதை இன்னொரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

"ஊத்துங்கண்ணா" என்றாள் அவள். "அவங்களால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

குவளை சாய்ந்தது. தண்ணீர் குவளையின் விளிம்புவரை வந்து, கீழே விழாமல் அங்கே திரண்டு நின்றது.